திமிரிக்காரியின் மூக்கு

திமிரிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதை எல்லம்மா மறக்கவே இல்லை. தம்பி கன்னியப்பனுக்குக் கல்யாணமாகிப் பெண்ணை அழைத்து வந்த அன்று, பெண் வீட்டார் திமிரியிலிருந்து இரண்டு மாட்டு வண்டிகளில் வந்து மேல்விஷாரத்துக்கு அடுத்த சேரியில் இறங்கினார்கள். காலைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகப் பெண்ணின் சித்தி ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அடி அமிர்தம், இந்த நாத்தத்துல எப்பிடிடி குந்தி சோறு துன்னுவ?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த எல்லம்மாவுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு ஆரத்தியைச் சுற்றிக் கொட்டிவிட்டு வந்துவிட்டாள்.

நாற்றம் இல்லை என்று யார் சொன்னது? சேரிக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருந்தது ரஷீத் அஹமது சாயபுவின் தோல் ஷாப்பு. ஷாப்பு என்றால் கடையல்ல, தோல் பதனிடுகிற இடத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் நாள் கணக்காக ஊறப்போட்டு, மயிரைக் கழித்து, சதையைச் சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் மாற்றி மாற்றிப் போட்டு எடுப்பார்கள். அப்புறம் அது கப்பலேறிச் சீமைக்குப் போகும். அங்கே போய்ச் சேரும்போது நாறாது. நாற்றத்தை எல்லாம் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் போகும். இறக்கி வைத்ததைச் சுமந்தவர்கள் சேரிக்காரர்கள். சுமந்தவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. மழை வரப்போகிறது என்றால் மட்டும், "இன்னிக்கு வாடை ஜாஸ்தி" என்பார்கள்.

கன்னியப்பனுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. எல்லம்மா ஷாப்பின் பின்கட்டில் பட்டை இடிக்கிறவள். உலக்கை பிடித்துக் காய்த்த கையும், பட்டைத் தூசியில் பழுப்பேறிய புடவையுமாக இருப்பாள். வாய் கொஞ்சம் நீளம். புருஷன் கோலார் தங்கவயலுக்குப் போனவன், போனவன்தான். அவன் போவதற்கு முன்பு ஒரு பெண் குழந்தை பிறந்து, விஷக்காய்ச்சல் வந்த வருஷம் மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. குழந்தையை ஆற்றங்கரையில் புதைத்தபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதைப் பக்கத்து வீட்டு முனியம்மா இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். "கல்லு நெஞ்சுடி அவளுக்கு" என்பாள். அது எல்லம்மா காதுக்கும் வந்திருக்கிறது. அவள் மறுத்ததில்லை.

வந்த பெண்ணோ சித்தியைப் போல இல்லை. அமிர்தவள்ளி ஒருநாளும் மூக்கை மூடவில்லை. அவளுடைய மூக்கு கெட்டிக்கார மூக்கு. நாலு வீடு தள்ளிக் கூழ் அடிப்பிடித்தால், "யார் வீட்லயோ தீயுது அண்ணி" என்று இங்கிருந்தே சொல்வாள். சாயங்காலம் கன்னியப்பன் வந்ததும் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான். அவள் கண்ணை மூடி முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஆட்டுத்தோலு" என்பாள், இல்லாவிட்டால் "எருமை" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகிவிட்டால் அவன் அவள் கன்னத்தில் கையைத் தேய்த்துவிட்டு ஓடுவான். அடுப்படியிலிருந்து இதைப் பார்க்கிற எல்லம்மா, வெட்கங்கெட்டதுகள் என்று முணுமுணுத்துக்கொண்டே சிரிப்பாள்.

அமிர்தத்துக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் புருஷன் வீட்டிலேயே ஆயிற்று. கார்த்திகை அடைமழையில், கூரை நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருக்க, இரண்டு பகல் ஒரு ராத்திரி வலித்து, ஆண் குழந்தை பிறந்தது. மருந்து இடித்து உருட்டிக் கொடுத்ததும், பூண்டும் சுட்ட கருவாடுமாகப் பத்தியம் போட்டதும், வாசலில் வேப்பிலை செருகியதும் எல்லாம் எல்லம்மாதான். பெற்ற தாய் இருந்தாலும் அதற்குமேல் செய்திருக்க மாட்டாள்.

ஆனால் அமிர்தம் சரியாக இல்லை. முதலில் உடம்பு அசதி என்று நினைத்தார்கள். குழந்தையைப் பக்கத்தில் போட்டால் போட்டபடி கிடக்கும். அழுதால், யாரோ தெருவில் அழுகிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டு இருப்பாள். எடுத்து மாரில் வைத்தால் வைத்துக்கொள்வாள், எடுத்தால் விட்டுவிடுவாள். களியைக் கிண்டி எதிரில் வைத்தால் ஈ மொய்க்கும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தலைவாரிக்கொள்ளச் சொன்னால் சீப்பை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

பதினோராம் நாள் தீட்டுக் கழித்த சாயங்காலம், கன்னியப்பன் ஷாப்பிலிருந்து நேரே வந்து, முன்பு போல உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "சொல்லு பாக்கலாம்" என்றான். அமிர்தம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எல்லம்மாவுக்கு அந்த நொடியில் ஆரத்தித் தட்டும், வண்டியும், சித்தியின் முந்தானையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் வேறு எதுவும் தோன்றியிருக்காது. உலகத்தில் எங்கே போனாலும் தங்களைப் பார்த்து முகம் திருப்புகிறவர்கள் ஒரே காரணத்துக்காகத்தான் திருப்புகிறார்கள் என்று பழகிப்போனவர்கள் அவர்கள்.

"பாத்தியாடா?" என்றாள் வெளியே வந்து. "ரத்தத்துல ஊறினது எங்க போவும்? ரெண்டு வருசம் நடிச்சா. ஆம்பளப்புள்ள பொறந்ததும் ராணியாட்டம் மொகத்தத் திருப்பிக்கினா."

"அப்டி சொல்லாத யக்கா. உடம்பு சரியில்ல அவளுக்கு."

"உடம்புக்கு இன்னா? சோறு துன்னாம கெடந்தா உடம்பு எப்பிடி இருக்கும்? நீ தொட்ட புள்ளைய அவ தொட மாட்டேன்றா, அத்தப் பாத்தியா? நான் பாத்துனுதான் கீறேன். நீ தூக்கிட்டுக் கீழ வெச்சா, அப்றம் அந்தப் பக்கமே திரும்பறதில்ல."

கன்னியப்பன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். சுண்ணாம்பு அரித்து வெளுத்துப்போன கைகள். "நாத்தம் அவ்ளோவா கீது யக்கா?" என்று கேட்டான். சின்ன வயதிலிருந்து அவன் கேட்டிராத கேள்வி அது. எல்லம்மாவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலும் அமிர்தத்தின் மேலேயே திரும்பிற்று.

அதற்குப் பிறகு அவன் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் ஆற்றுக்குப் போனான். தண்ணீர் ஓடிய நாட்களில் ஓட்டத்திலும், வற்றிய பிறகு மணலில் ஊற்றுத் தோண்டியும் குளித்தான். மணலைப் போட்டுத் தேய்த்தான், புளியைப் போட்டுத் தேய்த்தான், முனியம்மாவிடம் சீயக்காய் வாங்கித் தேய்த்தான். ஏற்கெனவே வெடித்திருந்த கைகளில் ரத்தம் கசிந்தது. சுத்தமான வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து குடிசைக்குள் நிற்பான். அமிர்தம் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள். எட்டு வருஷம் பழகிய குழி வேலையையும் விட்டான். கூலி கம்மியானாலும் பரவாயில்லை என்று, ரயிலடியிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்குப் போனான். மேஸ்திரி ரத்தினசாமி, "பைத்தியமாடா உனக்கு? உன்ன மாதிரி சீவறதுக்கு ஆளு கெடைக்குமா?" என்று கத்தினான். இவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நாற்றத்துக்காக வேலை மாறினேன் என்று இன்னொரு தோல்காரனிடம் எந்த வாயால் சொல்வது?

முனியம்மாவுக்கு வேறு கணக்கு. "இது காட்டேரி எல்லம்மா. பச்ச உடம்புக்காரிய காட்டேரி புடிச்சா இப்டித்தான் வெறிச்சிப் பாத்துனு இருப்பா. மசூதி வாசல்ல தொழுவ முடிஞ்சி வர்றவங்ககிட்ட ஓதி ஊதச் சொல்லு. நல்லா கேக்கும்." எல்லம்மா அமிர்தத்தை அழைத்துப் போய் மசூதி வாசலில் நிறுத்தினாள். தொழுகை முடிந்து வந்த பெரியவர்கள் குழந்தை முகத்தில் ஊதினார்கள், இவள் முகத்திலும் ஊதினார்கள். குழந்தை கண்ணைச் சிமிட்டிற்று. அமிர்தம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

தை பிறந்ததும் பால் வற்றிவிட்டது. எல்லம்மா ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டினாள். வேலைக்குப் போகும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டே போனாள். பட்டை இடிக்கிற இடத்தில் ஒரு புங்கமரம் உண்டு. அதில் பழைய புடவையைக் கட்டித் தூளியாக்கி ஆட்டுவாள், நாலு குத்து இடிப்பாள், மறுபடி வந்து ஆட்டுவாள். குழந்தை அவள் குரலைக் கேட்டால் கையைக் காலை உதைத்துக்கொண்டது. ஒருநாள் அவளைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு அவள் உலக்கையைப் போட்டுவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லம்மாவுக்கு அந்தக் குழந்தை வேண்டியிருந்தது. தாய்க்காரி தேறாமல் இருப்பதில் அவளுக்குக் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ராத்திரி தன் பக்கத்தில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, இது என்னுடையது என்று நினைத்துப் பார்ப்பாள். நினைப்பதற்கு யார் கேட்பார்கள்?

தை கடைசியில் அவள் தம்பியிடம் சொன்னாள். "திமிரிக்கு ஆளு அனுப்பிட்டேன்டா. அவுங்க நயினா வந்து இட்டுனு போவட்டும்."

"யாரை?"

"யாரையா? மகாராணியத்தான். ஆவற வரைக்கும் பாத்தாச்சி. நாத்தம் புடிக்கலன்னா நல்ல காத்து அடிக்கற எடத்துல போய் இருக்கட்டும்."

"புள்ள?"

"புள்ள எங்க போவும்? பால் குடுக்கறது அவளா? சங்குல ஊத்தறது நானு. புள்ள இங்கதான் இருக்கும். பின்னால உனக்கு ஒரு பொண்ணு பாத்தா போச்சி, இந்தப் பக்கத்துப் பொண்ணா."

கன்னியப்பன் கையில் வெடித்த இடத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், "அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும் யக்கா" என்றான். கேட்டான். அமிர்தம், "சரி" என்றாள். தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு அவ்வளவுதான் பதில். அவன் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லம்மாவோ, சரி என்றுவிட்டாளே, நல்லதாயிற்று என்று நினைத்தாள்.

சனிக்கிழமை அமிர்தத்தின் அப்பா சுப்பராயன் வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் செய்தி வந்தது.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. சாயபுவும் கணக்குப்பிள்ளையும் தொழுகைக்குப் போய்விடுவார்கள், ஆட்கள் சந்தைக்கோ சாராயக்கடைக்கோ போவார்கள். வாரத்தில் அந்த ஒரு மத்தியானம் மட்டும் ஷாப்பில் மனித அரவமே இருக்காது. ஈரம் பட்ட பட்டையை வெயிலில் புரட்டிப் போட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்ததால் எல்லம்மா மட்டும் போனாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அரை நாழிகையில் வந்துவிடலாம் என்று வீட்டுத் தூளியிலேயே விட்டுவிட்டு, "எழுந்தா கூப்புடு" என்று அமிர்தத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டையைப் புரட்டி முடித்துத் திரும்பும்போது சுண்ணாம்புக் குழிப் பக்கம் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தாள். அமிர்தம் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே ஒரு முழத்தில், சுண்ணாம்புத் தண்ணீரில் தோல்கள் அமிழ்ந்து கிடந்தன. குழந்தை அவள் மடியில் இருந்தது. கை இரண்டும் பக்கத்தில் தரையில் கிடந்தன, குழந்தையைப் பிடித்திருக்கவில்லை.

எல்லம்மாவுக்கு உயிர் போய்விட்டது. கத்தினால் என்ன ஆகுமோ என்று கத்தவில்லை. மெல்ல நடந்து பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். கை குழந்தைக்குத்தான் நீண்டது.

அமிர்தம் திரும்பிப் பார்த்தாள். "வாங்கிக்கோ அண்ணி" என்றாள். "உன் புள்ளதானே."

எல்லம்மா குழந்தையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். "இங்க எதுக்குடி வந்த, பாவி? இத்த எதுக்குடி தூக்கினு வந்த?"

"வுட்டுட்டு வந்தா நீ திட்டுவேன்னுதான் தூக்கினு வந்தேன்."

"எதுக்கு வந்தன்னு கேக்கறேன்."

"நாத்தம் தெரியுதான்னு பாக்க வந்தேன் அண்ணி."

எல்லம்மாவுக்குப் புரியவில்லை.

அமிர்தம் குழியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மூன்று மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல அத்தனை வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். "எனக்கு நாத்தம் ஆவலன்னு நீங்க பேசிக்கிறது காதுல வுழுதே. அவரு கைய தேச்சித் தேச்சிக் கிழிச்சிக்கினாரு. எனக்குச் சொல்லவும் வரல. நாத்தமே தெரியல அண்ணி. அன்னிக்குக் கைய நீட்னாரே, ஒண்ணுமே தெரியல. ஆடா மாடா, ஒண்ணும் தெரியல. பயமா பூட்ச்சி, திரும்பிக்கினேன். புள்ள தலய மோந்து பாத்தேன். அதுவும் இல்ல. சோறு மண்ணாட்டம் கீது. எல்லாரும் தூரத்துல பேசறாப்பல கேக்குது. ஊருக்குள்ளயே நாத்தம் ஜாஸ்தியான எடம் இதுதானே, இங்க வந்தாவது ஏதாவது தெரியுமான்னு வந்து குந்தினேன்."

"தெரியுதா?"

"இல்ல." கீழே குனிந்து பார்த்து, "வுழுந்தா இன்னா ஆவும்னு பாத்தேன். பயங்கூட வரல அண்ணி" என்றாள்.

புங்கமரத்தில் ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது. அமிர்தம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எல்லம்மாவுக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சேரியில், இன்னொரு குடிசையில், இன்னொருத்தி இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத்தான் எல்லம்மா என்று பேர். கண்ணெதிரே மூன்று மாதம் நடந்ததைத் தான் எப்படிக் கண்டுகொள்ளாமல் போனோம் என்று நினைத்தபோது, தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. மூக்கு, மூக்கு என்று ஒரு கல்யாண நாள் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள்.

குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, அமிர்தத்தின் பக்கத்தில் குழி விளிம்பிலேயே உட்கார்ந்தாள். மற்றொரு கையால் அவள் முந்தானையை எடுத்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கும் இருந்துச்சிடி" என்றாள்.

"இன்னாது?"

"இதான். எம் பொண்ணு பொறந்தப்போ. பேருகூட வெக்கல அதுக்கு. வெக்கணும்னு தோணல. விறகு கட்டையப் பாக்கறாப்பல பாத்துனு இருந்தேன். யார்கிட்ட சொல்றது? பெத்தவளுக்குப் புள்ள மேல ஆச இல்லன்னு சொன்னா காறித் துப்ப மாட்டாங்களா? எம் புருசன் திட்டுவான், அடிப்பான். நான் குந்தினே இருப்பேன்."

அமிர்தம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்ச வருசம். எல்லா வூட்லயும் படுத்துனு கெடந்தாங்க. மத்தியானம் அது அழுவுது. அழுவுது, அழுவுது, நான் எந்திரிக்கல. காதுல வுழுது, கை எழும்பல. அப்றம் அழுவுறது நின்னு போச்சி. நின்னுதே, தேவலன்னு நெனச்சேன்டி அமிர்தம். அப்டித்தான் நெனச்சேன்." குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "காய்ச்சல்லதான் போச்சி. நான் எழுந்து தூக்கியிருந்தாலும் போயிருக்கும்னு சொல்வாங்க. எனக்குத் தெரியாது. அழுவலன்னு சொல்றாங்களே, அழுவ எங்க வந்துச்சி? உள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்றம்? சரியா பூட்ச்சா?"

"பூட்ச்சி. பட்ட இடிக்க வந்தேன். எப்ப, எப்பிடின்னு தெரியல. ஒரு நாளு கூழ் துன்னும்போது உப்பு ஜாஸ்தின்னு தெரிஞ்சுது. அவ்ளோதான். அதுக்குள்ள புள்ள இல்ல."

பாங்கு முடிந்து, தொழுகை முடிந்து, தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டது. "உனக்கு இருக்குதுடி புள்ள" என்றாள் எல்லம்மா. "என் புள்ள இல்ல இது. நான் சும்மா பாத்துக்கறேன், நீ வர்ற வரைக்கும்." அதைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் சொன்னாள். முந்தானையை மணிக்கட்டிலிருந்து அவிழ்க்காமலேயே வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

சனிக்கிழமை சுப்பராயன் வந்தார். ஒரு மூட்டை வேர்க்கடலையும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்திருந்தார். பெண்ணைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆளு அனுப்பியிருந்தியேம்மா" என்றார்.

"அனுப்பனேன் மாமா. தப்பு பண்ணிட்டேன்." அந்த வார்த்தை எல்லம்மா வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த முனியம்மாவே எட்டிப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு எங்க மேல ஒண்ணும் இல்ல. பெத்த உடம்புக்கு வர்ற நோவு இது. எனக்கும் வந்துகீது. அவ வர்றதுன்னா இட்டுனு போங்க, புள்ளையோட இட்டுனு போங்க. கூட நானும் வர்றேன். தனியா மட்டும் வுடக்கூடாது."

சுப்பராயன் பெண்ணிடம் குனிந்தார். "வர்றியாம்மா?"

"எங்க போனாலும் இதேதான் நயினா" என்றாள் அமிர்தம். பிறகு எல்லம்மாவைக் காட்டி, "அண்ணிக்குத் தெரியுது" என்றாள்.

அவர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் எல்லம்மா தம்பியின் கைகளுக்கு வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். "நாளைலேர்ந்து குழிக்கே போடா. அவளுக்கு உன்மேல இன்னா கோவம்? அவ இங்க இல்ல இப்போ. வருவா" என்றாள். கன்னியப்பன் பச்சைக் குழந்தை மாதிரி விசும்பினான்.

வருவாள் என்று சொல்வது சுலபம். மாசி முழுக்க வரவில்லை. எல்லம்மா தினமும் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பட்டைக் களத்துக்கு அழைத்துப்போய்ப் புங்கமர நிழலில் உட்காரவைப்பாள். வேலை ஒன்றும் சொல்லமாட்டாள். தானே உருட்டி ஊட்டுவாள். "இன்னிக்கு எப்பிடி கீது?" என்று கேட்பாள். "அப்டியேதான்" என்பாள் அமிர்தம். "இருக்கட்டும்" என்பாள் இவள். சில நாள் அமிர்தம் எழுந்திருக்கவே மாட்டாள். அந்த நாட்களில் எல்லம்மா வேலைக்குப் போகமாட்டாள். இடிக்கிற பெண்கள் ஜாடை பேசினால், "இன்னாடி? உங்க வூட்ல யாருக்கும் காலு ஒடஞ்சதே இல்லியா? அவளுக்கு மனசு ஒடஞ்சிகீது, போங்கடி" என்று வாயை அடைப்பாள். நீளமான வாய்க்கு அப்போதுதான் நல்ல வேலை கிடைத்தது. குழந்தையைத் தினமும் ஒரு தரம் அமிர்தத்தின் மடியில் கொண்டுபோய் வைப்பாள். சங்கையும் கையில் கொடுப்பாள். அவள் புகட்டினால் சரி, புகட்டாவிட்டால் திட்டாமல் எடுத்துக்கொள்வாள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு மத்தியானம். பட்டைத் தூசி காற்றில் மஞ்சளாக நின்றது. எல்லம்மா வழக்கம்போலக் குழந்தையை மடியில் வைத்துவிட்டு உலக்கையை எடுக்கப் போனாள்.

"அண்ணி."

திரும்பினாள். அமிர்தம் குழந்தையின் கழுத்தில் முகத்தை வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது புருவம் சுளித்திருந்தது.

"இன்னா அண்ணி இது? கழுத்து மடிப்புல புளிச்ச பால் வாடை அடிக்குது. தொடைக்கவே இல்லியா? பச்சப்புள்ளைய இப்டியா வெச்சிருப்பாங்க?"

இடித்துக்கொண்டிருந்த ஏழு உலக்கைகளும் நின்றன. எல்லம்மாவை அந்தக் களத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டவள் தப்பியதில்லை. எல்லம்மா சட்டித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அமிர்தம் மடிப்பு மடிப்பாக விலக்கித் துடைத்தாள். குழந்தை வீறிட்டது. "இரு, இரு, ஆச்சு" என்றாள். துடைத்துவிட்டு முகர்ந்து பார்த்தாள். மறுபடி துடைத்தாள், மறுபடி முகர்ந்தாள். அவளுடைய கண்ணிலிருந்து நீர் குழந்தையின் தலைமேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

எல்லம்மா குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். "இருக்கட்டும் அண்ணி" என்றாள் அமிர்தம். குழந்தையும் இவளைத் தேடாமல் அந்த மடியிலேயே தூங்கிப்போயிற்று.

சாயங்காலம் அமிர்தமே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எல்லம்மா பின்னால் வந்தாள். நாலு மாதமாகச் சுமந்து பழகிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூழ் கிண்டினாள், வாசல் பெருக்கினாள். ஷாப்பிலிருந்து வந்த கன்னியப்பன் கையை நீட்டுவதும், உள்ளே அமிர்தம், "எரும. போய் மொதல்ல கை கழுவினு வா" என்று மெலிந்த குரலில் சொல்வதும் கேட்டது. எல்லம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. மணலில் ஊற்றுத் தோண்டினாள். தண்ணீர் ஊறுவதற்காகக் காத்திருந்தபோது தன் தோளில் அதே புளித்த பால் வாடை அடிப்பதை உணர்ந்தாள். புடவைத் தலைப்பைப் பிடித்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். கரைக்கு மேலே, நாணல் புதருக்குப் பக்கத்தில், அவள் பன்னிரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத ஓர் இடம் இருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்ததும் அழுகை வந்தது. குடம் உருண்டதுகூடத் தெரியாமல், மணலில் கையால் அடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதாள்.

தண்ணீருக்கு வந்த முனியம்மா பயந்துபோய் ஓடிவந்தாள். "எல்லம்மா! இன்னாடி ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?"

"எம் பொண்ணு" என்றாள் எல்லம்மா. "எம் பொண்ணு செத்துப் பூட்ச்சி முனியம்மா."

முனியம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.